தபால்காரர் தொடங்கிய பாடம்

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என்றொரு இளங்கலைப் பட்டம் இருக்கிறது. போலீஸ், நீதிமன்றம், சிறை மூன்றையும் ஒரே படிப்பில் சேர்த்துப் படிப்பது. அதற்கு வித்திட்டவர் பேராசிரியரும் இல்லை, வக்கீலும் இல்லை. பள்ளிப் படிப்பையே முழுதாக முடிக்காத ஒரு தபால்காரர். பெயர் ஆகஸ்ட் வோல்மர். 1876-ல் நியூ ஆர்லியன்ஸில் ஜெர்மானியக் குடியேறிகளின் வீட்டில் பிறந்தவர். பிலிப்பைன்ஸில் சண்டைபோட்டுவிட்டுத் திரும்பி, கலிபோர்னியாவின் பெர்க்லி ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். 1904-ல் ஒருநாள், பாரம் ஏற்றிய ரயில் பெட்டி ஒன்று பிரேக் விட்டுப்போய், பயணிகள் ரயில் நின்ற பக்கம் சரிவில் உருண்டு வந்தது. வோல்மர் ஓடிப்போய்த் தொற்றி ஏறி அதை நிறுத்தினார். மறு வருஷம் ஊர்ப் போலீசுக்குத் தலைவரான மார்ஷல் பதவிக்குத் தேர்தலில் நிற்கச் சொல்லி உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஃபிரெண்ட் ரிச்சர்ட்சன் வற்புறுத்தினார். நின்றார், ஜெயித்தார்.

இந்தக் கதையை நான் நாற்பது வயதுக்கு மேல், சான் ஹோசே பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜின் மாலை வகுப்பில்தான் முதலில் கேட்டேன். என் அப்பா பாளையங்கோட்டையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னதும், “ஏட்டி, போலீசுக்கு வயசு தாண்டிட்டுல்லா?” என்றார். போலீஸ் வேலைக்கு இல்லைப்பா, போலீசைப் பற்றிப் படிக்க என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “போலீசைப் பத்திப் படிக்கதுக்கு என்ன இருக்கு? ஸ்டேஷன்ல வந்து உக்காந்தா ஒரு மாசத்துல தெரிஞ்சிரும்.”

அப்பா சொன்னதைத்தான் 1905-ல் அமெரிக்கா முழுவதும் சொல்லியிருக்கும். போலீஸ்காரனுக்கு உடம்பு வேண்டும், தடி வேண்டும், வார்டு அரசியல்வாதியின் தயவு வேண்டும். தேர்தலில் ஆட்சி மாறினால் வேலையும் போகும். படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

வோல்மர் மார்ஷலான மறு வருஷமே பூகம்பத்தில் சான்பிரான்சிஸ்கோ எரிந்தது. வீடிழந்த கூட்டம் விரிகுடா தாண்டி பெர்க்லிக்கு வந்தது. ஊர் திடீரென்று பெருத்துவிட, கையிலிருந்த ஆட்களை வைத்துச் சமாளிக்க அவர் புதுப்புது வழி தேடினார். போலீசாரை சைக்கிளில் ஏற்றினார். தெருமுனைகளுக்கு மேலே சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டார். ஸ்டேஷனில் சுவிட்சைப் போட்டால் விளக்கு மின்னும். ரோந்தில் இருப்பவர் பக்கத்துத் தொலைபேசிப் பெட்டிக்குப் போய் என்ன விஷயம் என்று கேட்பார். குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் ஊசி குத்திப் பார்த்தார். பிலிப்பைன்ஸ் சண்டையில் எதிராளியின் நடமாட்டத்தைக் கவனித்துப் பழகியவர் அவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கொண்டுவந்த ‘நவீனப் போலீஸ்’ முறைகளில் காலனி ராணுவத்தின் வாடை உண்டு என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை.

இவை நிர்வாகத் தந்திரங்கள். படிப்பின் பக்கம் அவரைத் திருப்பியது ஒரு மர்மச் சாவு. தற்கொலையா கொலையா என்று தெரியாமல், பெர்க்லி பல்கலைக்கழக விஞ்ஞானி ஜாக் லோப்பிடம் போய் யோசனை கேட்டார். லோப் அவருக்கு ஆஸ்திரியாவின் ஹான்ஸ் குரோஸ் எழுதிய நூல்களைக் காட்டிவிட்டார். குற்றத்தை விஞ்ஞானமாகப் பார்க்கலாம் என்பது பள்ளி முடிக்காத அந்த மனிதருக்குப் பெரிய திறப்பாக இருந்திருக்கிறது. 1908-ல் தன் ஆட்களுக்கென்று ஒரு போலீஸ் பள்ளி தொடங்கினார். சாட்சியச் சட்டம், புகைப்படம், சுகாதாரம், கைரேகை. 1916-ல் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிட்டோடு சேர்ந்து பல்கலைக்கழகத்திலேயே கோடை வகுப்புகளைத் தொடங்கினார். மறு வருஷம் ஆல்பர்ட் ஷ்னைடர் என்பவரோடு சேர்ந்து தன் பள்ளியின் பாடத்திட்டத்தை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். மூன்று வருஷப் படிப்பு. பௌதிகம், ரசாயனம், உடற்கூறு, நச்சியல், மனநோய் மருத்துவம், குற்றச் சட்டம் என்று பட்டியல் நீளும். ரோந்து முடித்துக் களைத்து வந்த போலீஸ்காரர் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தார் என்பதை என்னால் இன்னும் சரியாகக் கற்பனை செய்ய முடியவில்லை.

அந்தப் பட்டியலில் மானுடவியலும் ‘பரம்பரை’யும் உண்டு. குற்றம் ரத்தத்தில் வருகிறது என்பது அந்தக் காலத்துப் படித்தவர்களின் நம்பிக்கை. வோல்மரும் அதற்கு விலக்கில்லை. வகுப்பில் அந்தப் பக்கத்தை எல்லோரும் சட்டென்று புரட்டிக்கொண்டு போனார்கள். எனக்குத்தான் கை நின்றது. அதே வருஷங்களில் நம் சென்னை மாகாணத்தில் அதே நம்பிக்கை சட்டமாகவே இருந்தது. 1911-ல் மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தென்மாவட்டத்தார் ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரலில் போலீஸ் சுட்டது. பெர்க்லியில் பாடம், பெருங்காமநல்லூரில் துப்பாக்கி. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. இரண்டு ஊரிலும் ஒரே காலத்துக் காற்று அடித்தது.

வோல்மரின் அடுத்த காரியம்தான் அவரைப் பிரபலமாக்கியது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு பல்கலைக்கழக மாணவர்களைப் போலீசில் சேர்க்கத் தொடங்கினார். சேர வருபவர்களுக்கு ராணுவத்தின் அறிவுத்திறன் தேர்வு வைத்தார். பகலில் வகுப்பு, ராத்திரியில் ரோந்து. மற்ற ஊர்ப் போலீசார் ‘காலேஜ் போலீஸ்’ என்று கேலி பேசினார்கள். 1919-ல் சேர்ந்த வால்டர் கார்டன் பெர்க்லியின் முதல் கறுப்பினப் போலீஸ்காரர். ரோந்து போய்க்கொண்டே சட்டம் படித்து முடித்தார். பின்னாளில் வெர்ஜின் தீவுகளின் ஆளுநராகவும் மத்திய அரசு நீதிபதியாகவும் ஆனார். 1921-ல் சேர்ந்த ஓ. டபிள்யூ. வில்சன் இந்தக் கதையில் திரும்பவும் வருவார். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் கூடி ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளும் கூட்டம் ஒன்றும் நடக்கும். அதற்கு ‘நண்டு கிளப்’ என்று பெயர். தலைவரையும் மூஞ்சிக்கு நேரே குறை சொல்லலாம். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

ஜான் லார்சனையும் விட்டுவிட முடியாது. உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு ரோந்துக்குப் போன மனிதர். ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் புகைபடிந்த காகிதத்தில் கோடாக இழுத்துக்கொண்டே போகும் கருவி ஒன்றை 1921-ல் கட்டினார். பெண்கள் விடுதி ஒன்றில் திருட்டு. அங்கிருந்த மாணவிகளை ஒவ்வொருவராகக் கருவியில் மாட்டி விசாரித்தார். பொருளைப் பறிகொடுத்த மாணவி ஒருத்தியையும் விசாரித்தார். அவளையே பிற்பாடு கல்யாணமும் செய்துகொண்டார். உண்மை கண்டறியும் கருவி என்று உலகம் கொண்டாடிய அதன் மீது அவருக்கே கடைசியில் நம்பிக்கை போய்விட்டது.

இந்த ஆட்கள் நாலாபக்கமும் பரவினார்கள். 1930-ல் சான் ஹோசே அரசுக் கல்லூரி போலீஸ் படிப்பைத் தொடங்கியது. நான் தினமும் காரில் கடந்துபோகும் அதே வளாகம்தான். 1935-ல் மிச்சிகன் அரசுக் கல்லூரியில் போலீஸ் நிர்வாகத்துக்கு ஒரு பட்டப்படிப்பு வந்தது. 1941 டிசம்பர் கடைசியில் பெர்க்லியில் வோல்மர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி, போலீஸ் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்கக் குற்றவியல் சங்கம் என்று இன்று பெரிய மாநாடுகள் நடத்தும் அமைப்பின் பிறப்பிடம் அந்த வரவேற்பறை. 1950-ல் பெர்க்லியில் குற்றவியலுக்குத் தனிப் பள்ளியே உருவானது. அதற்கு டீன், பழைய காலேஜ் போலீஸ் வில்சன். வோல்மர் 1955-ல் பார்க்கின்சன் நோயும் புற்றுநோயும் வாட்ட, தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அதுவரைக்கும் இது போலீஸ் படிப்புதான். ‘குற்றவியல் நீதி’ என்ற பரந்த பெயர் அப்புறம் வந்தது. 1950-களின் நடுவில் அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தின் ஆய்வு அமைப்பு விஸ்கான்சின், மிச்சிகன், கான்சஸ் மாநிலங்களுக்கு ஆட்களை அனுப்பி, போலீஸ் முதல் சிறை வரை நடப்பதை நேரில் பார்த்து எழுதச் சொன்னது. சட்டப்புத்தகத்துக்கும் நடப்புக்கும் எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் கண்டார்கள். கைது செய்யலாமா, வழக்குப் போடலாமா, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று பேரம் பேசி முடிக்கலாமா என்று ஒவ்வொரு முனையிலும் ஓர் அதிகாரி தன் இஷ்டப்படி முடிவெடுக்கிறார். ஓர் இடத்தில் எடுத்த முடிவு அடுத்த இடத்தை இடிக்கிறது. அப்படியானால் இதை ஒரே அமைப்பாகப் படிக்க வேண்டும்.

ஜனாதிபதி ஜான்சன் நியமித்த குழு 1967-ல் இதைப் படமாகவே போட்டது. ஆல்ஃபிரட் புளும்ஸ்டைன் தலைமையில் இயங்கிய விஞ்ஞானப் பிரிவின் வேலை அது. இந்தப் படிப்பை எடுக்கும் எவரும் முதல் வாரத்தில் அந்தப் படத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. எங்கள் ஆசிரியர் ஓய்வுபெற்ற ஷெரிஃப் அதிகாரி. வெள்ளைப் பலகையில் அதை வரைவதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். இடது ஓரத்தில் நடந்த குற்றம் எல்லாம் கனத்த கோடாக நுழையும். தாமிரபரணியிலிருந்து பிரியும் கால்வாய் போல அது கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்துகொண்டே போகும். போலீசுக்குச் சொல்லப்படாதவை ஒரு கிளை, கைது இல்லாமல் முடிந்தவை ஒரு கிளை, குற்றச்சாட்டு தள்ளுபடியானவை ஒரு கிளை, பேரத்தில் முடிந்தவை ஒரு கிளை. சிறைக்குப் போகும் கோடு வலது ஓரத்தில் நூலாக மெலிந்திருக்கும். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: கோடுகளின் தடிமன் உத்தேசமானதே, நாடு முழுவதற்குமான கணக்கு கிடையாது. நாட்டையே மாற்றப்போகும் திட்டத்தின் மையப்படம், கணக்கே இல்லாமல் வரைந்தது. அந்தக் குறிப்பை மறைக்காமல் அச்சடித்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயசிருக்கும். இடைவேளையில் பலகைக்குப் போய் ஒரு கிளையில் விரலை வைத்து, இதிலேதான் என் அண்ணன் போனான் என்றாள். கீழே சிறுவர்களுக்கென்று தனியாக ஓடும் கோடு அது. பரோல் அதிகாரியாக வேண்டும் என்று படிக்க வந்தவள். எங்கள் வகுப்பில் போலீசாகவே வேண்டும் என்று வந்தவர்கள் குறைவு.

ஜான்சன் நியமித்த அந்தக் குழு இன்னொன்றும் பரிந்துரைத்தது. அதிகாரமுள்ள போலீசார் எல்லோரும் காலப்போக்கில் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்றது. லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக் கலவரம் 1965-ல் நடந்து முடிந்திருந்த நேரம். நகரங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டிருந்தன. 1968 ஜூனில் நிறைவேறிய சட்டத்தால், போலீசில் இருப்பவருக்கும் சேரப்போகிறவருக்கும் கல்லூரிப் பணம் தர மத்திய அரசு முன்வந்தது. கடன் வாங்கிப் படித்துவிட்டுப் பணியில் இருந்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் கால்பங்கு தள்ளுபடி. முதலில் 65 லட்சம் டாலர் என்று தொடங்கிய திட்டம் சில வருஷங்களில் 4 கோடியை எட்டியது. பணம் வருகிறது என்றதும் ஊருக்கு ஊர் கல்லூரிகள் படிப்பைத் திறந்தன. பாதி இடங்களில் ஆசிரியர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பாடம் அவருடைய பழைய வீரக்கதைகள். பயிற்சிப் பள்ளியில் துப்பாக்கி சுடக் கற்றதற்கும் கல்லூரி மதிப்பெண் கொடுத்த இடங்கள் உண்டு. 1978-ல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதிய அறிக்கை இதைப் போட்டுக் கிழித்தது: வேலையில் இருப்பவரைப் படிக்க வைத்தது போதும், படித்தவரை வேலைக்கு எடுங்கள்.

ஆனால் அந்தப் பணத்தில் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நியூயார்க்கில் 1965-ல் போலீஸ் அறிவியல் கல்லூரியாகத் தொடங்கி, சீக்கிரமே ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரி என்று பெயர் மாற்றிக்கொண்ட இடத்தைச் சொல்ல வேண்டும். போலீசாருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் என்பதால், ஒரே பாடத்தை ஒரே ஆசிரியர் காலையிலும் மாலையிலும் நடத்துவார். இந்த வாரம் காலை வகுப்பு, அடுத்த வாரம் மாலை வகுப்பு என்று வந்துகொள்ளலாம். 1970-ல் நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட, ஹார்லெம், பிராங்ஸ் பிள்ளைகள் அதே வகுப்புக்கு வந்தார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர், தெருவில் அவரால் நிறுத்திச் சோதிக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், இருவருக்கும் ஒரே சமூகவியல் பாடம். 1976-ல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது கல்லூரியை மூடப்பார்த்தார்கள். போராடித் தப்பியது. இந்த நூறு வருஷக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எல்லோரும் பெர்க்லியைப் பேசுவார்கள்.

பெர்க்லியில் நடந்தது வேறு. அந்தக் குற்றவியல் பள்ளிக்கு இரண்டு முகம். ஒரு பக்கம், ரத்தத் துளி தெறித்த விதத்தைப் படித்துக் கொலையை விளக்கிய பால் கிர்க்கின் ஆய்வுக்கூடம். மறுபக்கம், 1960-களில் சேர்ந்த ஆசிரியர்கள். டோனி பிளாட், ஹெர்மன் ஷ்வெண்டிங்கர், பால் தகாகி. ஜப்பானிய வம்சாவளியான தகாகி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இளைஞராக மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர், பிறகு பரோல் அதிகாரியாக வேலை பார்த்தவர். போலீஸ் துப்பாக்கியால் சாகும் கறுப்பின மக்களின் எண்ணிக்கையை எடுத்து எழுதினார். போலீசுக்குப் பாடம் சொல்வதற்கென்று பிறந்த பள்ளி, போலீசைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. ஊர்ப் போலீசைக் குடிமக்கள் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்று 1971-ல் ஒரு வாக்கெடுப்பு வந்தபோது இவர்கள் அதற்கு ஆதரவு. பிளாட்டுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு போராடிப் பார்த்தார்கள். 1976-ல் பள்ளி மூடப்பட்டது. பணப் பற்றாக்குறை, படிப்பின் தரம் என்று நிர்வாகத்துக்குக் காரணங்கள் இருந்தன. நாடெங்கும் போலீஸ் படிப்புகள் காளான்போல முளைத்த அதே சமயத்தில் மூத்த பள்ளிக்குப் பூட்டு விழுந்ததைத் தரக் கணக்காக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இதற்கு நடுவே வில்சன் டீன் பதவியை விட்டு 1960-ல் சிகாகோ போலீசின் தலைவராகப் போயிருந்தார். லஞ்சத்தில் ஊறிய அந்தத் துறையை ஏழு வருஷத்தில் ஒழுங்குபடுத்தினார் என்று பேரெடுத்து 1967-ல் ஓய்வு பெற்றார். மறு வருஷம் ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு எதிரே திரண்ட இளைஞர்களை அதே சிகாகோ போலீஸ் தடியால் அடித்ததை நாடே டெலிவிஷனில் பார்த்தது. ஆட்களுக்குப் படிப்பும் ரேடியோவும் புதுக் காரும் கொடுத்துவிடலாம். தடியை எப்போது ஓங்குவது என்பதை எந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கும் என்று எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன். பாடம் இல்லை, மேலதிகாரி என்றார். அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பட்டம் போலீஸ்காரரை மாற்றுகிறதா என்ற கேள்விக்குப் பலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஜேசன் ரைட்பர்க், வில்லியம் டெரில் இருவரும் இரண்டு நகரங்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரி படித்தவர்கள் பலம் பிரயோகிப்பது குறைவு என்றது. கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் வித்தியாசம் இல்லை என்றும் சொன்னது. மினசோட்டா மாநிலம் 1970-களின் கடைசியிலிருந்தே போலீசுக்கு இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பைக் கட்டாயமாக்கிய இடம். மற்ற மாநிலங்களில் பெரும்பாலான துறைகளுக்குப் பள்ளிச் சான்றிதழே இன்றைக்கும் போதும். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற போலீஸ்காரரிடம், சட்ட அமலாக்கத்தில் இளங்கலைப் பட்டமே இருந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகு கலிபோர்னியா சட்டமன்றம் திரும்பவும் படிப்பையே பிடித்துக்கொண்டது. 2021-ல் வந்த சட்டம் போலீசில் சேரும் வயதை 18-லிருந்து 21 ஆக்கியது; கம்யூனிட்டி காலேஜ்களில் ‘நவீனப் போலீஸ் பணி’ என்று ஒரு பட்டத்துக்குத் திட்டம் வகுக்கவும் சொன்னது. உளவியல், வரலாறு, சட்டம், தொடர்பாடல், இன ஆய்வுகள் அதில் இருக்க வேண்டுமாம். அப்பாவிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இதைப் படிச்சவன் ராத்திரி ரோந்துக்கு வருவானா என்று மட்டும் கேட்டார்.